அடித்தால் மட்டும் உருக்கு இறுகாது: கார்பன் மிகுந்த உருக்கை உலையில் வேலை செய்ய ஒரு முழு வழிகாட்டி

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களிடம் எது நல்ல அரிவாள் என்று கேட்டுப் பாருங்கள், "நல்லா அடிச்ச அரிவா" என்றுதான் பதில் வரும். பட்டறையிலும் இதே பேச்சுதான்: அடிக்க அடிக்க இரும்பு நெருங்கி இறுகும், அதனால் வெட்டும் வாய் மழுங்காமல் நிற்கும் என்பார்கள். நல்ல அரிவாளுக்கு நல்ல அடி வேண்டும் என்பது உண்மை. ஆனால் அடிதான் வாயைக் கடினமாக்குகிறது என்பது உண்மையில்லை. இந்த ஒரு விஷயம் தெளிவாகாததால் எத்தனையோ நல்ல உருக்கு வீணாகிறது, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உருக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம். நாள் முழுக்க சம்மட்டியால் அடித்தாலும் அது கூடாது. தோய்ச்சல் வைத்து, அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கடினமாக்கிய உருக்கோ, வைக்காத உருக்கைவிட இம்மியளவு பருத்துத்தான் இருக்கும். இறுகுவதால் கடினம் வருவதில்லை. உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, கார்பன் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் கடினம் இருக்கிறது. அந்த அடுக்கை மாற்றுவது சூடும், அது ஆறுகிற வேகமும். சம்மட்டிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு, ஆனால் அது வேறு பங்கு.

உள்ளே என்ன இருக்கிறது

உலைக்குப் போவதற்கு முன் ஐந்து பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபெரைட் என்பது கிட்டத்தட்ட சுத்தமான இரும்பு, மென்மையானது, 727 டிகிரி செல்சியஸில்கூட 0.02 விழுக்காடு கார்பனுக்கு மேல் அதற்குள் கரையாது. சிமெண்டைட் என்பது மூன்று இரும்பு அணுவும் ஒரு கார்பன் அணுவும் சேர்ந்த கார்பைடு, மிகக் கடினம், ஆனால் நொறுங்கும். இந்த இரண்டும் மெல்லிய தகடுகளாக மாறி மாறி அடுக்கி வந்தால் அது பியர்லைட். சாதாரணமாக ஆறிய உருக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிவது இதுதான். 1860களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி உருக்கை மெருகேற்றி, அமிலம் தொட்டு, நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினார்; 1880களில் இன்னும் அதிக உருப்பெருக்கத்தில் இந்த அடுக்கைக் கண்டார். அடுக்கு நெருக்கமாக இருந்தால் கடினம் கூடும், அகலமாக இருந்தால் குறையும்.

727 டிகிரியைத் தாண்டியதும் இந்த அடுக்கு கலைந்து ஆஸ்டெனைட் பிறக்கிறது. அதன் அணுக்களுக்கு நடுவே கார்பன் நுழையும் இடைவெளி பெரிது, கார்பன் தாராளமாகக் கரையும். காந்தமும் ஒட்டாது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வெளியே வந்து மறுபடி பியர்லைட் ஆகிவிடும். சட்டென்று ஆற்றினால் கார்பனுக்கு வெளியே வர நேரமில்லை, உள்ளேயே சிக்கி, அணு அடுக்கையே ஒரு பக்கம் இழுத்துக் கோணலாக்கிவிடும். அந்தக் கோணலான அமைப்புதான் மார்டென்சைட், ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் மார்டென்ஸ் பெயரால் வழங்குவது. கத்தி வாயின் கடினம் முழுக்க இங்கிருந்துதான் வருகிறது.

எண்ணில் சொன்னால் வித்தியாசம் புரியும். 0.95 விழுக்காடு கார்பன் உள்ள 1095 உருக்கைக் காற்றில் ஆறவிட்டால் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 30க்குப் பக்கத்தில் நிற்கும். அதே துண்டைச் சரியாகத் தோய்த்தால் 65, 66. நடுவில் ஒரு அடிகூட விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எந்த உருக்கு

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது பழைய லோரி ஸ்பிரிங் பட்டை. ஜப்பான் லோரிகளில் பெரும்பாலும் எஸ்யூபி 9 வகை, கார்பன் 0.52 முதல் 0.60 விழுக்காடு, கூடவே குரோமியம் முக்கால் விழுக்காடு அளவு. அமெரிக்க 5160ம் இதற்கு நெருங்கிய உறவு. பாரங், அரிவாள், செம்பனை உளி எல்லாவற்றுக்கும் இது அருமையான உருக்கு. கார்பன் மிதம், குரோமியம் இருப்பதால் எண்ணெயிலேயே நன்றாகக் கடினமாகும், முறுக்கினாலும் எளிதில் உடையாது. ஒரே எச்சரிக்கை, ஓடித் தேய்ந்த ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல் இருக்கும். துளை போட்ட நடுப்பகுதியையும் துருக்குழி விழுந்த இடத்தையும் விட்டுவிடுங்கள். நல்ல அரிவாளுக்குப் புதுப் பட்டை வாங்குவதே சரி என்பது என் கருத்து.

பழைய அரம் 1 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் உள்ளது. பெரிய பேரிங் வளையம் எஸ்யூஜே 2, கார்பன் 1 விழுக்காடு, குரோமியம் ஒன்றரை. இவை சிறு கத்திக்கும் பால்வெட்டும் கத்திக்கும் பொருத்தம், ஆனால் சூட்டில் கொஞ்சமும் பொறுக்காது. முதல் வேலையாக இவற்றை எடுக்க வேண்டாம்.

கார்பன் 0.77 விழுக்காடு என்பது ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே ஆறும்போது உபரியாக நிற்பது மென்மையான ஃபெரைட். மேலே போனால் உபரியாக நிற்பது சிமெண்டைட், அதுவும் உருக்கைக் கட்டியிருக்கும் நுண்ணிய படிகமணிகளின் எல்லையில் வலையாகப் படியும். நொறுங்கும் பொருள் வலையாகப் படிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1095, அரம், பேரிங் எல்லாம் இந்தப் பக்கம்.

உலையும் சூடும்

கரி என்றால் கோலா செப்பெத்தாங்கில் மாத்தாங் அலையாத்திக் காட்டு பாக்காவ் மரத்தில் சுட்ட கரிதான் நமக்குப் பக்கத்தில் கிடைப்பதிலேயே சிறந்தது. கனமானது, நின்று எரியும், கந்தகம் மிகக் குறைவு. கரியைக் குவித்து, காற்று வரும் வாயிலிருந்து உருக்கைக் கொஞ்சம் மேலே தள்ளி, மேலும் கரி மூடி வையுங்கள். காற்று வாய்க்கு நேரே வைத்தால் கரியைத் தின்னாத ஆக்சிஜன் நேராக உருக்கைத் தின்னும், செதில் உதிரும், தோலில் இருக்கும் கார்பனும் எரிந்துபோகும். இந்தக் கார்பன் இழந்த தோல் என்ன செய்தாலும் கடினமாகாது. பக்கத்துக்கு அரை மில்லிமீட்டராவது அதிகம் விட்டு அடித்து, பிறகு தேய்த்து எடுத்துவிடுங்கள். "தோய்ச்சு வச்சேன், அரம் கடிக்குது" என்று, அதாவது கடினமாகவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேருடைய பிரச்சினை இந்தத் தோல்தான், அடியில் உருக்கு நன்றாகவே இருக்கும்.

நம் வெயிலில் நிறம் பார்த்துச் சூடு சொல்வது ஏமாற்றும். திறந்த வெளியில் மங்கலாகத் தெரிவது கொட்டகை இருட்டில் பளிச்சென்று தெரியும். ஆகவே ஒரே இடத்தில், ஒரே நிழலில் வேலை செய்யுங்கள். நிழலில் செர்ரிச் சிவப்பு சுமார் 750, ஆரஞ்சு 900க்கு மேல், மஞ்சள் 1050 முதல் 1100. கே வகை தெர்மோகப்பிள் என்ற சூடு அளக்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டால் இன்னும் நல்லது, பெரிய செலவில்லை.

அடிக்கும்போது என்ன நடக்கிறது

உருக்கு என்பது கோடிக்கணக்கான படிகமணிகள் ஒட்டி நிற்கும் கூட்டம். சூடு கூடக் கூட, நேரம் ஆக ஆக, பெரிய மணி சின்ன மணியை விழுங்கி வளரும். 1100க்கு மேல் இந்த வளர்ச்சி மிக வேகம். 1300ஐ நெருங்கி உருக்கிலிருந்து பொறி பறக்க ஆரம்பித்தால் மணிகளின் எல்லையே உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் துண்டை மீட்க முடியாது, அந்த நீளத்தை வெட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்போது சம்மட்டி. 900, 1000 டிகிரியில் ஆஸ்டெனைட்டை அடித்து நசுக்கும்போது பழைய மணிகள் திரிந்து, அவற்றின் எல்லையில் திரிபு இல்லாத புதுச் சின்ன மணிகள் முளைக்கின்றன. ஒரு பக்கம் சூடு மணியை வளர்க்கிறது, மறுபக்கம் அடி அதை உடைத்துப் புதுசாக்குகிறது. இதுதான் அடியின் உண்மையான பலன். அடித்து முடித்த பிறகும் உருக்கைச் சூட்டிலேயே வைத்திருந்தால் மறுபடி வளர்ந்துவிடும். அதனால்தான் கடைசிச் சூட்டை மஞ்சளுக்கு ஏற்றிவிட்டு நாலு தட்டு தட்டி ஓரமாக வைப்பது மோசமான வழக்கம்.

நடைமுறை இதுதான்:

பெரிய உருமாற்றம், அதாவது நீட்டுதல், கூர் இறக்குதல், வளைத்தல் எல்லாம் 1050, 1100க்குள். தேவையான சூடு வந்ததும் எடுத்து அடியுங்கள், உலையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உருவம் நெருங்க நெருங்க ஒவ்வொரு சூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். கடைசி நேராக்கலும் வாய் இறக்கலும் 850, 900 டிகிரிக்குள் முடிய வேண்டும்.

நிறம் மங்கிச் சிவப்பு கறுக்கும்போது சம்மட்டியைக் கீழே வையுங்கள். 800க்குக் கீழே கார்பன் மிகுந்த உருக்கு அடியைத் தாங்காமல் உள்ளே விரிசல் விடும், அரமும் பேரிங்கும் இன்னும் சீக்கிரம் விடும். வாய் ஓரத்தைக் கறுத்த சூட்டில் தட்டித் தட்டி "நெருக்குவது" என்று ஒரு பழக்கம் உண்டு. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது, மரியாதையோடுதான் சொல்கிறேன், தோய்ச்சல் வைக்கப்போகிற கத்திக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை. குளிர்ந்த உருக்கை அடித்தால் அது கடினமாகும் என்பது சரிதான், பியானோ கம்பி அப்படிக் குளிராக இழுத்துத்தான் அத்தனை வலிமை பெறுகிறது. ஆனால் நீங்கள் பிறகு அதை 800 டிகிரிக்குச் சூடேற்றுகிறீர்கள். அந்தக் கணமே அமைப்பு முழுவதும் புதிதாகப் பிறக்கிறது, அடித்த கடினம் ஒரு துளியும் மிஞ்சாது. விரிசல் விட்டிருந்தால் அது மட்டும் அப்படியே இருக்கும்.

அடியால் வரும் இன்னொரு நன்மை இழை ஓட்டம். உருக்கில் மாங்கனீசு சல்ஃபைடு போன்ற கலப்புகள் ஆலையில் உருட்டும்போதே நீளவாக்கில் இழுபட்டுக் கோடுகளாக இருக்கும். அந்தக் கோட்டின் நீளத்தில் உருக்கு நன்றாகத் தாங்கும், குறுக்கே அவ்வளவு தாங்காது. பட்டையைச் சூடாக்கி வளைத்து அரிவாள் செய்தால் கோடுகளும் வளைவோடு ஓடும். அகலத் தகட்டிலிருந்து வளைவாக வெட்டி எடுத்தால் வளைவின் கழுத்தில் கோடுகள் குறுக்கே அறுபட்டு நிற்கும். உயரமான செம்பனையில் கம்பின் நுனியில் கட்டி மட்டையை இழுத்து அறுக்கிறவர் அந்தக் கழுத்தில்தான் முழு பாரத்தையும் போடுகிறார். அரிவாளுக்கு அடித்து வளைத்ததே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடியைப் பற்றிய இந்தப் பேச்சில் விதிவிலக்கு போலத் தோன்றும் ஒரு உருக்கு உண்டு. கொங்கு நாட்டுக் கொடுமணல் போன்ற இடங்களில் உருக்கு வேலை நடந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன, தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய அந்த மிகைக் கார்பன் உருக்குதான் டமாஸ்கஸ் வாள்களின் அலைக்கோலத்துக்கு மூலப்பொருள். உருக்கில் மிகச் சிறிதளவு இருக்கும் வனேடியம் போன்றவை காரணமாக, திரும்பத் திரும்பச் சூடேற்றி அடிக்கும்போது கார்பைடுகள் வரிசையாகக் கூடுகின்றன என்று ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் செய்து காட்டினார்கள். அங்கேகூட கோலம் பிறப்பது அடியும் சூட்டுச் சுழற்சியும் சேர்ந்துதான்.

நார்மலைசிங்: யாரும் தாண்டக்கூடாத படி

அடித்து முடித்த துண்டில் மணி ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் சிறிதாகவும் கலந்து கிடக்கும். நுனி அதிகம் காய்ந்திருக்கும், காம்புப் பக்கம் குறைவாகக் காய்ந்திருக்கும். இதைச் சமப்படுத்தாமல் தோய்த்தால் கோணும், சில சமயம் பிளக்கும்.

சம்மட்டியை ஒதுக்கி வையுங்கள். முதல் சுற்று 870 டிகிரி வரை சீராக ஏற்றி, எடுத்து, காற்றோட்டமில்லாத இடத்தில் தொங்கவிட்டுக் கறுக்கும் வரை ஆறவிடுங்கள். இரண்டாவது 820. மூன்றாவது 780, 790. ஏறும்போது பியர்லைட்டின் எல்லைகளிலிருந்து நூற்றுக்கணக்கான புது ஆஸ்டெனைட் மணிகள் முளைக்கும், ஆறும்போது மறுபடி பியர்லைட். ஒவ்வொரு சுற்றிலும் முளைக்கும் இடம் கூடுவதால் மணி சிறிதாகும். முதல் சுற்றின் அதிகச் சூடு அந்தச் சிமெண்டைட் வலையைக் கரைப்பதற்கும் சேர்த்துத்தான். 1095 வகையை அந்தச் சூட்டிலிருந்து சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடாதீர்கள், கரைத்த வலையைத் திரும்பக் கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மணி சிறியதாவதால் என்ன லாபம்? ஹால், பெட்ச் என்ற ஆய்வாளர்கள் 1951லும் 1953லும் காட்டிய உறவின்படி, மணியின் அளவு நாலில் ஒன்றாகக் குறைந்தால் வலிமையில் மணி எல்லையின் பங்கு இரட்டிப்பாகும். தோய்த்த கத்தியில் ராக்வெல் எண் இதனால் பெரிதாக ஏறாது. உடையாமல் தாங்கும் தன்மைதான் ஏறும். நன்றாக அடித்த அரிவாள் என்று வெட்டுகிறவர்கள் உணர்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் சுற்றுகளை எட்டு, பத்து என்று நீட்ட வேண்டாம். மணி மிகச் சிறியதானால் தோய்க்கும்போது பியர்லைட் முளைக்க இடம் அதிகமாகி, 1095 போன்ற உருக்கு எண்ணெயில் கடினமாகாமல் போகலாம். மூன்று போதும்.

அரம் வைத்துத் தேய்க்க மென்மை வேண்டுமென்றால் 680, 700 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுங்கள். தகடாக இருந்த சிமெண்டைட் சிறு உருண்டைகளாகச் சுருளும், அரமும் துளையாணியும் சுகமாக ஓடும்.

தோய்ச்சல்

இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. 1095க்கும் அதைவிடக் கொஞ்சம் கார்பன் குறைந்த 1084க்கும் 800 டிகிரியை ஒட்டி. எஸ்யூபி 9, 5160க்கு 830, அதுவும் குரோமியம் இருப்பதால் ஐந்து நிமிடமாவது அந்தச் சூட்டில் நிற்க வேண்டும்.

காந்தம் ஒட்டாமல் போவது ஒரு குறி, அதிலிருந்து இன்னும் ஒரு படி நிறம் ஏற வேண்டும். இருட்டில் கவனித்தால் இன்னொன்று தெரியும்: சூடேறும்போது உருக்கின் மேல் நிழல்கள் நகரும். மாற்றத்துக்கு வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அந்த இடம் மங்கலாகத் தெரிகிறது. கடைசி நிழலும் மறைந்தால் மாற்றம் முடிந்தது. சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும் என்பதும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தகவல், ஒரு சிட்டிகை தூவினால் 800 எங்கே என்று தெரிந்துவிடும்.

சூடு அதிகமாகிவிட்டால் மணி வளர்வது மட்டுமல்ல, 1095ல் கார்பன் முழுக்கக் கரைந்து, தோய்த்த பிறகும் கொஞ்சம் ஆஸ்டெனைட் மாறாமல் தங்கிவிடும், கடினம் குறையும். அதிகம் காய்ச்சினால் அதிகக் கடினம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எண்ணெய் என்றால் கடையில் விற்கும் செம்பனைச் சமையல் எண்ணெயே ஸ்பிரிங் உருக்குக்குப் போதும். 50, 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள், இளகி வேகமாகச் சூட்டை இழுக்கும். 1095க்கு நேரம் மிகக் குறைவு, 540 டிகிரி பக்கத்தை ஒரு நொடிக்குள் கடக்க வேண்டும், ஆகவே மெல்லிய கத்திக்கு மட்டும் இந்த எண்ணெய், மற்றபடி அதற்கென்று விற்கும் வேக எண்ணெய் வாங்குங்கள். தண்ணீர் வேகம்தான், ஆனால் மார்டென்சைட் பிறக்கும்போது ஆஸ்டெனைட்டைவிட 4 விழுக்காடு வரை பருக்கும். ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் இன்னும் பருக்காத நிலையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்கும், அத்தோடு போச்சு.

எண்ணெய்ப் பீப்பாய் ஆழமாக, இரும்பு மூடியோடு இருக்க வேண்டும். சாயங்கால மழைக்குத் திறந்து போடாதீர்கள். அடியில் தேங்கிய மழைத்தண்ணீர் கொதித்தால் எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பிடிக்கும். இது விளையாட்டில்லை, ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். காலில் சிலிப்பர் வேண்டாம்.

வாய்ப் பக்கம் முதலில் இறங்க, நேராக உள்ளே விடுங்கள், முன்னும் பின்னும் அசையுங்கள், பக்கவாட்டில் அசைத்தால் கோணும். ஆறியதும் புது அரத்தால் உரசுங்கள். கடிக்காமல் வழுக்கினால் மார்டென்சைட் வந்துவிட்டது.

உடைத்துப் பாருங்கள்

அரிவாளைத் தோய்ப்பதற்கு முன்னால், அதே பட்டையில் வெட்டிய மூன்று சிறு துண்டுகளை 780, 830, 1000 டிகிரியில் தோய்த்து, வைஸில் பிடித்து, துணி சுற்றி, கண்ணாடி அணிந்து உடையுங்கள். முதல் துண்டு முழுதாக மாறியிருக்காது, அரம் கடிக்கலாம். இரண்டாவது மங்கலான சாம்பல் நிறத்தில், மணியே கண்ணுக்குத் தெரியாமல் உடையும். மூன்றாவது உடைந்த இடம் சீனி மாதிரி மினுங்கும், உடைவதற்குப் பலமும் வேண்டியிருக்காது. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது, நுண்ணோக்கியும் தேவையில்லை.

டெம்பர்

டெம்பர் என்பது தோய்த்த உருக்கை மிதமாகச் சூடாக்கி இழுவிசையைத் தளர்த்துவது. தோய்த்த உருக்கை இரவு அப்படியே விடாதீர்கள், உள்ளே இழுவிசை நிறைந்திருக்கும், தானாகவே பிளக்கலாம். அன்றைக்கே கேக் சுடும் ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். சிக்கிய கார்பனில் கொஞ்சம் மிக நுண்ணிய கார்பைடாக வெளியே வந்து இழுவிசை தளரும். 1095 இதில் 60, 62க்கு வரும், ஸ்பிரிங் உருக்கு 58 பக்கம். மட்டையில் மோதும் அரிவாளுக்கும் பாரங்குக்கும் 230, 240 கொடுங்கள், ஒன்றிரண்டு எண் இறங்கும், ஓரம் சில்லு விடாது. 260 முதல் 370 வரை உள்ள இடைவெளியைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே கடினமும் குறையும், உடையாத தன்மையும் குறையும்.

மெருகேற்றிய இடத்தில் வரும் நிறமும் உதவும்: வைக்கோல் நிறம் 205 முதல், பழுப்பு 250, ஊதா 275, நீலம் 300ஐ ஒட்டி.

அந்த நீலத்தைத்தான் பிறகு கிரைண்டரில் பார்க்கக் கூடாது. வாயைத் தீட்டும்போது ஓரம் ஒரு நொடி நீலமானாலும் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, டெம்பர் போய்விட்டது, தண்ணீரில் முக்கினால் திரும்பி வராது. கையுறை இல்லாமல் பிடியுங்கள், விரல் பொறுக்காத சூடு வந்ததும் தண்ணீரில் நனையுங்கள். நீலம் வந்தே விட்டால் அந்த ஓரத்தை மெதுவாகக் கல்லில் தேய்த்து எடுத்துவிட்டு, அடியில் நல்ல உருக்கு வரும் வரை போக வேண்டியதுதான்.